அப்பாவுக்கு ஓர் உருவகம்

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்த தமிழ் டீச்சர், பதினேழாவது தாளுக்கு வந்ததும் பேனாவை மூடினாள். எழுந்து ஆசிரியர் அறையின் ஜன்னல் வரை நடந்தாள். மைதானத்தில் யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, நின்றபடியே அந்தத் தாளை மறுபடியும் படித்தாள்.

அந்தப் பருவத்தில் பாடநூலோடு ஒரு நாவலும் நடத்த வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் அவள்தான் கேட்டு வாங்கியிருந்தாள். இளையோருக்கான நாவல். அம்மா மருத்துவமனையில் இருப்பதால் பெரியம்மா வீட்டில் வந்து தங்கும் பதினான்கு வயதுப் பெண்ணின் கதை. அணி இலக்கணத்தை நூற்பாவாக நடத்தினால் முப்பத்தெட்டு பேரும் கொட்டாவி விடுவார்கள் என்பது அவளுடைய பதினொரு வருட அனுபவம். நாவலை வைத்து நடத்தியபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ‘பெரியம்மா வீட்டில் மௌனம் ஈரத்துணிபோல அறைக்கு அறை தொங்கியது’ என்ற வரியைக் கரும்பலகையில் எழுதி, “இது என்ன?” என்று கேட்டாள்.

“உவமை.”

“‘போல’வை எடுத்துட்டா?”

“உருவகம்.”

“எடுத்துட்டா என்ன ஆகும்?”

“துணி காயவே காயாது டீச்சர்” என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. யோசித்துப் பார்த்தால் பதில் சரிதான் என்று டீச்சரும் ஒத்துக்கொண்டாள்.

அடுத்து பாத்திரப் படைப்பு. “கோபக்காரர்னு எழுதாதீங்க. அவர் வாசல்ல செருப்பைக் கழட்டும்போது உள்ளே இருக்கிறவங்க என்ன செய்றாங்கன்னு எழுதுங்க. நல்லவர், கெட்டவர்ங்கிற ரெண்டு வார்த்தைக்கும் இந்த வகுப்புல இடம் கிடையாது” என்றாள். வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம், அதில் ஓர் உருவகமாவது வர வேண்டும். இதுதான் வீட்டுப்பாடம்.

இதுவரை திருத்திய பதினாறு தாள்களில் ஒன்பது அம்மாக்கள் மெழுகுவத்தியாக உருகியிருந்தார்கள். மூன்று தாத்தாக்கள் ஆலமரமாக நின்றார்கள். ஓர் அண்ணன் சார்ஜ் ஏறாத கைப்பேசியாக இருந்தான். அவனுக்கு மட்டும் அவள் வாய்விட்டுச் சிரித்திருந்தாள்.

பதினேழாவது தாள் ‘கமா’வினுடையது. பேச்சின் நடுவே திடீரென்று நின்று, வேண்டிய அளவு யோசித்துவிட்டு மீதியைச் சொல்லும் பழக்கத்தால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுடைய அப்பா தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவர்.

‘அப்பா வேலை முடிந்து வந்ததும் சீருடையைத் தனி வாளியில் ஊறப்போடுவார். மூன்று முறை கை கழுவுவார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அம்மா டிவியின் சத்தத்தைக் குறைப்பாள். நான் அலமாரிக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடுவேன். அப்பா எங்களைத் திட்டுவதில்லை. எதுவும் கேட்பதும் இல்லை. ஊரில் யார் வீட்டில் தீப்பிடித்தாலும் அப்பா போய் அணைப்பார். எங்கள் வீட்டில் அப்பா புகை. இங்கே இருக்கிறார் என்று கை வைத்துக் காட்ட முடியாது. ஆனால் எல்லா அறையிலும் இருக்கிறார்.’

டீச்சர் பச்சை மையில், ‘அருமை. “போல” இல்லாமலே எழுதிவிட்டாய்’ என்று எழுதினாள். உட்கார முடியவில்லை. நல்ல வரியைப் படித்தால் அவளுக்கு எப்போதும் கால் தரையில் நிற்காது. பக்கத்து மேஜையில் இருந்த கணக்கு டீச்சருக்கும் படித்துக் காட்டினாள். மறுநாள் வகுப்பில் வாசித்தாள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் வந்தது. வராந்தாப் பலகையில் ஒட்ட ஐந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தபோது கமாவைக் கூப்பிட்டு, “உன்னுடையதை ஒட்டலாமா?” என்று கேட்டாள். கமா தோளைக் குலுக்கினாள். “உங்க இஷ்டம் டீச்சர்.”

அந்தத் தோள் குலுக்கலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது தன் அவசரம்தான் என்பது டீச்சருக்குப் பிறகுதான் உறைத்தது.

திங்கட்கிழமை மூன்றாவது பாடவேளையில் தலைமையாசிரியை ஆள் அனுப்பினார். அறையில் கமாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். அகன்ற தோள்கள், ஒட்ட வெட்டிய முடி. வேலை இல்லாத நாள் என்பதால் சாதாரணச் சட்டை. மேஜையில் நாவல் கிடந்தது. ஒரு பக்கத்தில் பேருந்துச் சீட்டு செருகியிருந்தது.

“சாருக்கு இந்தப் புத்தகத்துமேல ஒரு ஆட்சேபணை” என்றார் தலைமையாசிரியை. அடுத்த வாரம் ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள். அந்தக் கவலை அவர் குரலின் ஓரத்தில் தெரிந்தது.

கமாவின் அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து பென்சில் கோட்டைக் காட்டினார். சாப்பாட்டு நேரத்தில், அதுவரை எல்லோரும் மூடி மறைத்துவந்த விஷயத்தைக் கதாநாயகி போட்டு உடைக்கும் இடம். ‘அன்று எங்கள் வீட்டை நானே கொளுத்தினேன்’ என்று அத்தியாயம் முடியும்.

“வீட்டைக் கொளுத்தினேன்னு பெருமையா சொல்றா. கொளுத்தின வீடு எப்படி இருக்கும்னு இதை எழுதினவங்க பார்த்திருப்பாங்களா? சின்னப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம் இது.”

“அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஸ்டேப்ளர் போட்டு மூடிடலாமே” என்றார் தலைமையாசிரியை.

“போட்டா முதல்ல அதைத்தான் பிரிச்சுப் படிப்பாங்க மேடம்” என்ற டீச்சர் கமாவின் அப்பா பக்கம் திரும்பினாள். “சார், அவ நிஜமா கொளுத்தல. உண்மையைச் சொன்னதுல குடும்பமே கலைஞ்சு போகுதில்லையா, அதைத்தான் அப்படிச் சொல்றா. அதுக்குப் பேரு…”

“உருவகம்” என்றார் அவர். “‘போல’ வந்தா உவமை, வரலைன்னா உருவகம். வெள்ளிக்கிழமை வராந்தாவுல படிச்சேன். உங்க பச்சைக் கையெழுத்தையும் படிச்சேன்.”

டீச்சருக்குப் புரிந்தது. அவர் புத்தகத்துக்காக வரவில்லை.

அவர் நாவலை மூடி, மேஜையின் விளிம்புக்கு நேராக வைத்தார். மறுபடியும் நகர்த்தி வைத்தார்.

“நீங்க புகையில மாட்டியிருக்கீங்களா டீச்சர்?”

“இல்ல சார்.”

“நெருப்புதான் ஆளைக் கொல்லும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. முக்கால்வாசி பேரைக் கொல்றது புகைதான். தூக்கத்துலயே முடிஞ்சுடும். பக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது. உடம்புல ஒரு காயம் இருக்காது. தூங்கற மாதிரியே இருப்பாங்க.” அவர் தொண்டையைச் செருமினார். “என் பொண்ணு என்னை அதுன்னு எழுதியிருக்கா. நீங்க அருமைன்னு போட்டிருக்கீங்க. ஊரே நின்னு படிச்சுட்டுப் போச்சு.”

டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “என்னை மன்னிச்சுடுங்க சார். அந்த வரியை நான் அப்படி யோசிக்கவே இல்ல. அவளுக்கும் தெரிஞ்சிருக்காது. புகைன்னா பிடிபடாத ஒண்ணு, அவ்வளவுதான் அவ மனசுல இருந்திருக்கும்.”

அவர் முகம் சற்றே தெளிந்தது. இதைக் கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்று டீச்சருக்குப் பட்டது.

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றார். “இருந்தாலும் ரெண்டு நாளா ஒரு வேலை ஓடல. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன். வீட்டுல கேட்க எனக்கு வாய் வரல.”

கமா வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். தலைமையாசிரியை கையசைத்த பிறகே உள்ளே வந்தாள்.

டீச்சர் கேள்வியை எவ்வளவு மெதுவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டாள். “ஒண்ணும் இல்லம்மா. நீ அந்தக் கட்டுரையில புகைன்னு எழுதினே இல்லையா. புகை எவ்வளவு ஆபத்துன்னு தெரியாமத்தானே எழுதினே?”

பதிலை அவளே செய்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்திருந்தாள். ‘ஆமாம் டீச்சர்’ என்று சொன்னால் போதும். எல்லோரும் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம்.

கமா தரையைப் பார்த்தாள். பேச்சில் அவள் வழக்கமாக நிற்பதுபோல நின்றாள்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?” என்று கேட்டார் அப்பா. தாழ்ந்த குரல்.

“நீங்கதானேப்பா சொல்லிக்கொடுத்தீங்க. நான் ஏழாவது படிக்கும்போது நம்ம ஸ்கூலுக்கு வந்து பயிற்சி கொடுத்தீங்க. புகை வந்தா நிமிர்ந்து நடக்கக் கூடாது, மேலே மூச்சு இருக்காது, தரையோட தரையா தவழ்ந்து போகணும்னு எல்லாரையும் தவழ வச்சீங்க.” அவள் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே மீதியைச் சொன்னாள். “நாலு மாசமா நானும் அம்மாவும் வீட்டுல அப்படித்தான்பா போறோம்.”

தலைமையாசிரியை மேஜைமேல் இருந்த மணியை எதற்கோ தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அவர் எழுந்தார். மகளை நோக்கி ஓரடி வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். “எனக்கு ஸ்டேஷனுக்கு நேரமாச்சு” என்றார். அன்று அவருக்கு வேலை இல்லாத நாள். யாரும் அதை ஞாபகப்படுத்தவில்லை. அவருடைய காலடிகள் வராந்தாவில் வேகமாகத் தொடங்கி, நடுவில் நின்று, மறுபடி நடந்தன.

மறுநாள் கமா பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

“விஷயம் ஆறட்டும். ஆய்வு முடியற வரைக்கும் நாவல் வேண்டாம்” என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். டீச்சர் புணர்ச்சி விதிகளை நடத்தினாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நடத்தும்போதே அவள் கண் இரண்டாவது வரிசையின் காலி இடத்துக்குப் போய் வந்தது. பாடவேளைக்கு நடுவில் வராந்தாவுக்குப் போய் ஐந்து கட்டுரைகளையும் பிய்த்து எடுத்தாள். பலகையில் குத்தியிருந்த குண்டூசிகள் சிதறின. அவற்றைக் குனிந்து பொறுக்கினாள். பொறுக்கிய ஊசிகளை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வகுப்புக்குத் திரும்பினாள்.

வீட்டில் புத்தக அலமாரியை இறக்கி அடுக்கினாள். அடுக்கியதை மறுபடி இறக்கினாள். அவளுடைய கணவன் எலக்ட்ரீஷியன். ஸ்டூலில் ஏறி நின்று கூடத்து மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தவன், கீழே பார்த்து, “ஃபேன் நின்னாலும் நீ நிக்க மாட்டேங்கிறியே” என்றான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“எனக்கு இந்த உவமை, உருவகம் எல்லாம் ஒண்ணுதான். சுத்தி வளைச்சுப் பேசறது” என்றான் அவன். “ஆனா அந்தப் பொண்ணு சுத்தி வளைக்கல போலிருக்கே.”

“அதுதான் என்னை அரிக்குது. அணின்னா நகை, மொழிக்குப் போடற நகைன்னு பதினொரு வருஷமா சொல்லிக்கொடுக்கிறேன். அவ நகை போடறதுக்கு எழுதல. கத்த முடியாம எழுதியிருக்கா. நான் அதைக் கையில எடுத்து, எவ்வளவு பளபளப்புன்னு பார்த்துட்டு இருந்திருக்கேன்.”

“இப்ப என்ன பண்ணப் போறே?”

“தெரியல. அவங்க வீட்டுக்குப் போகலாமா?”

“போனா திட்டு விழும்.”

“விழட்டும்.”

நான்காம் நாள் பள்ளி விட்டதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு. இரண்டு முறை கட்டடம் மாறிப்போய், மூன்றாவது மாடியில் சரியான கதவைத் தட்டினாள். கமாவின் அம்மா திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு திட்டினாள்.

“எங்க வீட்டு விஷயத்தை வராந்தாவுல ஒட்டிட்டீங்களே டீச்சர். அவ எழுதினது சரி. நீங்க மார்க் போட்டதும் சரி. படிச்சதும் எனக்கு ஒரு போன் பண்ணணும்னு தோணலையா? பிள்ளை இப்படி எழுதியிருக்காளே, வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒரு வார்த்தை?”

“தோணல” என்றாள் டீச்சர். “வரி நல்லா இருந்துது. அதை மட்டும்தான் பார்த்தேன். தப்புதான்.”

அந்தப் பதிலை எதிர்பார்க்காதவள்போல அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு ஸ்கூல்லேர்ந்து நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டார். மறுநாள் மத்தியானம்தான் வந்தார். எங்க ரெண்டு பேரையும் உட்காரச் சொன்னார். சொல்ல வராம எழுந்து எழுந்து போனார். கடைசியில சொன்னார்.”

நான்கு மாதங்களுக்கு முன்னால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தீ. ஒரு வீட்டிலிருந்து தாயைத் தூக்கி வந்துவிட்டு, அவளுடைய மகளைத் தேடி அவர் மறுபடியும் உள்ளே போனார். ஓர் அறைக்குள் இரண்டு முறை போய்த் தடவிப் பார்த்திருக்கிறார். கட்டில், மூலை, கதவுக்குப் பின்னால். அந்தப் பெண் அலமாரிக்குள் ஒளிந்திருந்தாள். பயந்த பிள்ளைகள் ஒளிந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியும்; மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். அன்று அலமாரியைத் திறக்கத் தோன்றவில்லை. புகை அடங்கித் திறந்தபோது அவள் உயிரோடு இல்லை. அவளுக்கும் கமாவின் வயதுதான்.

“அதுலேர்ந்து இவ முகத்தைப் பார்க்க முடியல அவரால. நாங்க என்னமோ அவருக்கு எங்கமேல வெறுப்புன்னு…” அம்மா முந்தானையை இழுத்து மூக்கைத் துடைத்தாள். “ஸ்டேஷன்ல ஆபீசரே ஒரு டாக்டர்கிட்ட அனுப்பி வச்சிருக்கார். இந்த மாதிரி வேலையில இருக்கிறவங்களைப் பார்க்கிற டாக்டராம். வாரத்துல ஒரு நாள் போகணும். ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ன்னு ரெண்டு தடவை மறுத்தவர்தான். இப்ப இவ கூட வரேன்னு சொன்னதும் கிளம்பினார். அவர் பக்கத்துலயே இருக்கட்டும்னுதான் இந்த வாரம் ஸ்கூலுக்கு அனுப்பல. இன்னைக்கு ரெண்டு பேரும் டாக்டர்கிட்டதான் போயிருக்காங்க.”

“அவர் என்மேல கோவமா இருக்காரா?”

“இல்லாம எப்படி இருப்பார்?” என்றாள் அம்மா நேராக. “கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும் டீச்சர். எனக்கே இன்னும் போகல.”

டீச்சர் தலையாட்டினாள். படியிறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்பாவும் மகளும் எதிரே ஏறி வந்தார்கள். அவர் ஒதுங்கி வழி விட்டார். வணக்கம் சொல்லவில்லை. கமா மட்டும், “திங்கட்கிழமை வரேன் டீச்சர்” என்றாள். இருவருக்கும் இடையில் இரண்டு படி தூரம் இருந்தது. ஒருவர் நின்றபோது மற்றவரும் நின்றார்.

திங்கட்கிழமை சொன்னபடி வந்தாள். ஆய்வு அதிகாரிகள் வந்து, கழிப்பறையையும் வருகைப் பதிவேட்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள். நாவலைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கமாவின் அப்பாவும் தன் ஆட்சேபணையைத் திரும்பப் பெறவில்லை; அதைப் பற்றிப் பிறகு பேசவும் இல்லை. இரண்டு வாரம் காத்திருந்த தலைமையாசிரியை, “சரி, நடத்துங்க. ஆனா வராந்தாப் பலகை இனிமே விளையாட்டு டீச்சருக்கு” என்றார்.

விட்ட இடத்திலிருந்து டீச்சர் நாவலைத் தொடங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் உண்மையைச் சொன்னது சரியா என்று வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது. சொல்லியிருக்கக் கூடாது என்று ஒரு பாதி. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அத்தனை அத்தியாயம் எதற்காகக் காத்திருந்தாள் என்று மறுபாதி. “சரி சொன்னா, எப்படிச் சொல்லணும்?” என்று கடைசி பெஞ்ச் கேட்டது. டீச்சருக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். கமா கையைத் தூக்கவில்லை. டீச்சரும் அவளைக் கேட்கவில்லை.

அடுத்த கட்டுரைகள் வந்தபோது அவள் வேறு மாதிரித் திருத்தினாள். ஒரு தாளுக்கு முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. பாட்டியின் நகைப் பெட்டியைப் பற்றி எழுதிய ஒருத்தியிடம், “எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டாள்; அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் விழித்தாள். டீச்சர் மூன்று வீடுகளுக்குப் போன் செய்தாள். இரண்டு வீட்டில் ஒன்றும் இல்லை. மூன்றாவது வீட்டில் அம்மா நெடுநேரம் பேசினாள். பேசி முடித்த பிறகும் டீச்சர் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று நடந்தாள். ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பு வந்த பிறகு, திருத்தும் வேலை அவளை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

பருவத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்த மறுநாள், காலை மணி அடிக்கும் நேரத்தில் கமா வாசலருகே அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், நேத்து எங்கப்பா என்கிட்ட சண்டை போட்டார்.”

“எதுக்கு?”

“கணக்குல முப்பத்தொண்ணு.” கமா நின்றாள். அவள் முகத்தில் அடக்க முடியாத ஏதோ ஒன்று அங்குமிங்கும் ஓடியது. “நோட்டைத் தூக்கி மேஜைமேல போட்டார். அம்மா நடுவுல வந்தா, அம்மாவுக்கும் சேர்த்து விழுந்தது. நானும் பதிலுக்குப் பேசினேன்.”

“ரொம்பக் கத்தினாரா?”

“ரொம்ப. கீழ் வீட்டுக்காரங்க வந்து கேட்டாங்க.”

டீச்சர் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். என்ன முகம் காட்டுவது என்று தெரியவில்லை. “அப்புறம்?”

“அப்புறம் என்ன, சாப்பிட்டோம்” என்று சொல்லிவிட்டு, கமா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வகுப்பை நோக்கி ஓடினாள்.